மைக்ரோகன்ட்ரோலர் டீபக்கர் நடுவில் நின்றுபோனால்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

சிப்பில் ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி டீபக்கர். "டீபக்கர் கிராஷ் ஆகிறது" என்ற வாக்கியத்தைச் சென்னையின் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும், கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு நிறுவனங்களிலும் அடிக்கடி கேட்கலாம். அதைச் சொல்பவர் பெரும்பாலும் அடுத்த வேலையாக மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவத் தொடங்குகிறார். அரை நாள் கழிந்துவிடும். குறை அப்படியே இருக்கும். டீபக்கர் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரே பொருள் அன்று. திரையில் தெரியும் விஎஸ் கோடு அல்லது எக்லிப்ஸ் போன்ற ஐடிஇ (நிரல் எழுதும் சூழல்), அதன் பின்னால் ஓடும் ஜிடிபி என்ற பிழைதேடும் நிரல், ஜிடிபியின் கட்டளைகளை வாங்கி வன்பொருளுக்குக் கடத்தும் சர்வரான ஓப்பன்ஓசிடி, யுஎஸ்பியில் செருகியிருக்கும் எஸ்டி-லிங்க் போன்ற புரோப், கடைசியாகச் சிப்புக்குள்ளேயே அமைந்த டீபக் சுற்று என ஐந்து கண்ணிகள் அதில் இருக்கின்றன. எந்தக் கண்ணி அறுந்தாலும் ஐடிஇ காட்டும் அறிவிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எது முதலில் அறுந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

கீழே வருபவை பெரும்பாலும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்புகளைப் பற்றியவை. எடுத்துக்காட்டுக்கு எஸ்டிஎம்32எஃப்103 பொருத்திய புளூ பில் போர்டையே கொள்கிறேன். ரிச்சி தெருவில் எளிதில் கிடைப்பதாலும், மாணவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அதுவே என்பதாலும் அது பொருத்தமானது.

முதல் வேலை: ஐடிஇ இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது

இரண்டு டெர்மினல் சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஓப்பன்ஓசிடியை உங்கள் புரோப்புக்கும் சிப்புக்கும் உரிய கான்ஃபிக் கோப்புகளோடு தொடங்குங்கள். அது 3333 என்ற போர்ட்டில் ஜிடிபிக்காகவும், 4444 என்ற போர்ட்டில் டெல்நெட்டுக்காகவும் காத்திருக்கும். மற்றொரு சாளரத்தில் ஆர்ம் கருவித்தொகுப்பின் ஜிடிபியைத் திறந்து, 3333-உடன் இணைத்து, எந்தச் செயலின்போது டீபக்கர் விழுகிறதோ அதே செயலைக் கையால் செய்து பாருங்கள்.

ஓப்பன்ஓசிடி ஓடிய சாளரம் கட்டளைக் குறிக்குத் திரும்பிவிட்டால், சர்வரோ, யுஎஸ்பி இணைப்போ, புரோப்போதான் காரணம். ஜிடிபி சாளரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகலால் நிரல் விழுதல்) என்று வந்தால், கோளாறு ஜிடிபியிலோ அதற்கு நீங்கள் கொடுத்த இஎல்எஃப் கோப்பிலோ (கம்பைல் செய்த நிரல் கோப்பு) இருக்கிறது. இரண்டும் உயிரோடு இருக்க, பிழை வரிகள் மட்டும் இடைவிடாமல் ஓடினால், சிப்பையும் வயரையும் பாருங்கள். இரண்டுமே ஒழுங்காக வேலை செய்து, ஐடிஇ வழியாக ஓட்டும்போது மட்டும் விழுந்தால், விஎஸ் கோடில் வரும் கார்டெக்ஸ்-டீபக் போன்ற இணைப்பு நிரலின் அமைப்பில்தான் பிழை இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை தேடும் பரப்பை நான்கில் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது.

ஓப்பன்ஓசிடியின் பதிவு நிலையை 3 ஆக உயர்த்தி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஜிடிபியில் 'செட் டீபக் ரிமோட் 1' என்று கொடுத்தால், அதற்கும் சர்வருக்கும் இடையே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் திரையில் வரும். பதிவைப் படிக்கும்போது கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியில் இருப்பவை பெரும்பாலும் பின்விளைவுகள்; மேலிருந்து இறங்கி வந்து, பிழை என்று முதன்முதலாகக் குறிக்கப்பட்ட வரியில் நில்லுங்கள்.

ஜிடிபி திறந்த உடனேயே மூடிக்கொள்கிறது

இது சிப்போடு தொடர்பே இல்லாத கோளாறு. லினக்ஸில் ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட பழைய கருவித்தொகுப்புகளின் ஜிடிபி, என்கர்சஸ் லைப்ரரியின் 5-ஆம் பதிப்பைத் தேடும். உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் அந்தப் பதிப்பு இல்லை. டெர்மினலில் ஓட்டினால் எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்பதை அதுவே சொல்லும். ஐடிஇ அந்த வரியை விழுங்கிவிட்டு, "ஜிடிபி எதிர்பாராமல் நின்றது" என்று மட்டும் காட்டும். பைதான் ஆதரவோடு வரும் ஜிடிபியும் தான் கட்டப்பட்ட பைதான் பதிப்பு கிடைக்காதபோது இப்படியே நடந்துகொள்ளும். புதிய கருவித்தொகுப்புக்கு மாறுவதோ, உபுண்டு களஞ்சியத்தில் உள்ள ஜிடிபி-மல்டிஆர்க் தொகுப்பை நிறுவி ஐடிஇ-க்கு அதன் பாதையைக் கொடுப்பதோ போதுமானது.

விண்டோஸில் கோப்புப் பாதையைச் சோதியுங்கள். பயனர் பெயரோ கோப்புறைப் பெயரோ தமிழ் எழுத்துகளில் இருந்தால், பல கருவிகள் அந்தப் பாதையைச் சரியாகக் கையாளுவதில்லை. இடைவெளி உள்ள பெயர்களும் சில நேரங்களில் சிக்கலைத் தருகின்றன. நம் மொழியில் பெயர் வைப்பதைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அந்த ஒரு புராஜெக்டை மட்டும் இயக்ககத்தின் மேல்மட்டத்தில் எளிய ஆங்கில எழுத்துப் பெயருள்ள கோப்புறைக்கு நகர்த்தி, குறை நீங்குகிறதா என்று பார்த்தால் காரணம் உறுதியாகும்.

ஓப்பன்ஓசிடி தொடங்கியதும் வெளியேறுகிறது

3333 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், முந்தைய அமர்வில் விழுந்த ஐடிஇ தன் ஓப்பன்ஓசிடியை நிறுத்தாமல் விட்டுச் சென்றிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிடுங்கள். லினக்ஸில் அனுமதி இல்லை என்று லிப்யுஎஸ்பி (யுஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் லைப்ரரி) சொன்னால், ஓப்பன்ஓசிடியோடு வரும், சாதன அனுமதிகளைத் தரும் யுடெவ் விதிக்கோப்பை உரிய இடத்தில் நகலெடுத்து, புரோப்பைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் ரூட் அனுமதியோடு ஓட்டிப் பழகுவது இதற்குத் தீர்வன்று. விண்டோஸில் "ஆதரவில்லை" என்ற லிப்யுஎஸ்பி பிழை வந்தால், புரோப்புக்குத் தவறான டிரைவர் பொருந்தியிருக்கிறது. ஜாடிக் கருவியால் வின்யுஎஸ்பி டிரைவரைப் பொருத்தலாம். ஆனால் பட்டியலில் புரோப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், ஏனெனில் அங்கே கீபோர்டையோ மவுஸையோ தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் அது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

அடையாள எண் எதிர்பார்த்தது இல்லை என்று ஓப்பன்ஓசிடி நின்றுவிடுவது புளூ பில் வாங்கியவர்களுக்கு நன்கு தெரிந்த அறிகுறி. அசல் எஸ்டிஎம்32எஃப்103 தரும் அடையாள எண்ணின் முதல் இலக்கம் 1. பதிவில் அதே எண் 2 என்று தொடங்கி, மற்ற இலக்கங்கள் அப்படியே இருந்தால், போர்டில் இருப்பது அந்தச் சிப்பைப் பின்பற்றி வேறு நிறுவனம் செய்தது. கான்ஃபிக் கோப்பில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றினால் இணைப்பு கிடைத்துவிடும். கற்பதற்கு அது போதும்; ஆனால் ஃபிளாஷின் (நிரல் தங்கும் நினைவகம்) அளவு, வேகம், சில பெரிஃபெரல்களின் (சிப்பினுள் உள்ள துணைச் சுற்றுகள்) நடத்தை ஆகியவை அசலோடு ஒத்திருக்கும் என்று நம்பி வாடிக்கையாளருக்குப் போகும் பொருளில் அதைப் பொருத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இணைகிறது, சற்று நேரத்தில் அறுந்துபோகிறது

எப்போது அறுகிறது என்பதற்கு ஒழுங்கே தெரியவில்லை என்றால், நிரலை விட்டுவிட்டு மேசையைப் பாருங்கள். எஸ்டபிள்யூடி (புரோப்பும் சிப்பும் பேசிக்கொள்ளும் சீரியல் வயர் டீபக்) இணைப்புக்குத் தரவு, கடிகாரம், கிரவுண்ட் ஆகிய மூன்று வயர்கள் இன்றியமையாதவை. ரீசெட் வயரும் மின்னழுத்தக் குறிப்பு வயரும் இருந்தால் நல்லது. பெண் முனை ஜம்பர் வயர்களின் உள்ளே இருக்கும் தகடு பலமுறை செருகிப் பிடுங்கியதில் தளர்ந்துவிடும். கடலுக்கு அருகில் இருக்கும் நம் ஊரின் ஈரக் காற்றில், அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், தரம் குறைந்த முலாம் பூசிய முனைகள் விரைவில் கறுத்துவிடுகின்றன. வயரை இலேசாக அசைத்ததும் பிழை வரிகள் ஓடுமானால் வேறு சான்று தேவையில்லை. வயரை மாற்றுங்கள், நீளத்தையும் குறையுங்கள்.

அடுத்து வேகம். ஓப்பன்ஓசிடியில் அடாப்டர் ஸ்பீடை 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அறுந்துகொண்டிருந்த இணைப்பு அந்த வேகத்தில் நிலைத்து நின்றால், குறை சிக்னலின் தரத்தில் இருக்கிறது. தரவு வயரும் கடிகார வயரும் ஒட்டியே ஓடினால் ஒன்றின் அலை மற்றொன்றில் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு கிரவுண்ட் வயரை விடுவது பல நேரங்களில் முழுத் தீர்வாகவே அமைகிறது. குறைந்த வேகத்திலேயே வேலையைத் தொடரலாம், ஃபிளாஷில் எழுத நேரம் கூடும் என்பதைத் தவிர அதில் தீங்கில்லை.

சிறிய அலுமினிய உறையில் வரும் நகல் எஸ்டி-லிங்குகளைப் பற்றி இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். அவற்றின் 3.3 வோல்ட் முனை மின்சாரத்தை வெளியே தரும் முனை. அசல் எஸ்டி-லிங்கில் அந்த இடத்தில் இருப்பதோ, போர்டின் மின்னழுத்தத்தை அறிந்துகொள்ளும் உள்ளீட்டு முனை. போர்டு தனக்கென மின்சாரம் பெறும்போது நகல் புரோப்பின் 3.3 வோல்ட்டையும் இணைத்தால், இரண்டு மின்வழங்கிகள் ஒன்றையொன்று தள்ளும். மற்றொன்று, அவற்றில் சிலவற்றின் ரீசெட் முனை எஸ்டிஎம்32-க்கு வேலை செய்வதில்லை. மல்டிமீட்டரால் அந்த முனை உண்மையில் கீழே இறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மோட்டாரோ ரிலேயோ இயங்கும் கணத்தில் மட்டும் இணைப்பு அறுந்தால், கிரவுண்டில் எழும் துடிப்பு யுஎஸ்பி வரை போய் புரோப்பை மீளத் தொடங்கச் செய்கிறது. லினக்ஸில் கெர்னல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டால், யுஎஸ்பி சாதனம் அறுந்து மறுபடியும் தோன்றுவதை நேரத்தோடு காணலாம். ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா, மோட்டாரின் மின்னோட்டம் திரும்பும் வழியும் டீபக் கிரவுண்டும் ஒரே மெல்லிய தடத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் முனை இல்லாத லேப்டாப் அடாப்டரும் காரணமாகலாம். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக லேப்டாப்பின் கிரவுண்ட், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அளவுக்கு மிதக்கக்கூடும். மின்னோட்டம் மிகச் சிறியதே என்றாலும், எர்த் செய்த ஆசிலோஸ்கோப்போடு போர்டை இணைக்கும் கணத்தில் அது டீபக் வயர் வழியாகப் பாய்ந்து இணைப்பை அறுக்கப் போதுமானது. அடாப்டரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் படியுங்கள். பிஎல்டிசி மின்விசிறி, எல்இடி விளக்கு ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் பல, டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இல்லாமல் நேராக 230 வோல்ட்டிலிருந்தே 3.3 வோல்ட்டை எடுக்கின்றன. அப்படிப்பட்ட பலகையின் கிரவுண்டை புரோப்போடு இணைத்தால் லேப்டாப் எரியும். அதைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. தனிமைப்படுத்திய புரோப்போ யுஎஸ்பி ஐசோலேட்டரோ இருந்தாலன்றி அந்தப் பலகையை மின்சாரத்தில் வைத்து டீபக் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட் கொடுத்து நிரலைச் சோதிப்பதே முறை.

ஒருமுறை எழுதினேன், அதன்பின் இணையவே இல்லை

நீங்கள் எழுதிய நிரலே கதவை அடைத்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். எஸ்டிஎம்32-இல் டீபக் தரவு பிஏ13 முனையிலும் கடிகாரம் பிஏ14 முனையிலும் வருகின்றன. தொடக்க நிரலை உருவாக்கித் தரும் கியூப்எம்எக்ஸ் கருவியில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது, சிஸ்டம் பகுதியில் டீபக் என்ற இடத்தில் சீரியல் வயரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், எஃப்1 வகைக்கு அது உருவாக்கும் தொடக்க நிரல் அந்த இரண்டு முனைகளின் டீபக் வேலையை நிறுத்திவிடும். முதல் முறை எழுதும்போது சிப் வெறுமையாக இருந்ததால் எழுத முடிந்தது. அடுத்த முறை, மின்சாரம் வந்த சில மில்லிசெகண்டுகளில் கதவு அடைபட்டுவிடுகிறது.

சிப் கெட்டுவிட்டது என்று கருதி மறுபடியும் கடைக்குப் போக வேண்டாம். ரீசெட் வயர் இணைந்திருந்தால், ரீசெட்டில் வைத்தபடியே இணையும் முறையை ஓப்பன்ஓசிடியிலோ எஸ்டிஎம்32கியூப்புரோகிராமரிலோ தேர்ந்தெடுங்கள். அந்த வயர் இல்லையென்றால், புளூ பில்லின் பூட்0 ஜம்பரை 1-க்கு நகர்த்தி ரீசெட் அழுத்துங்கள். சிப் உங்கள் நிரலை விட்டுவிட்டு, ஆலையிலேயே பதிந்த பூட்லோடரிலிருந்து தொடங்கும். டீபக் முனைகள் திறந்திருக்கும். ஃபிளாஷை முழுவதுமாக அழித்துவிட்டு ஜம்பரைப் பழைய இடத்திற்குத் திருப்புங்கள். பிறகு கியூப்எம்எக்ஸ் அமைப்பைத் திருத்தாமல் அதே நிரலை மறுபடியும் எழுதினால் அதே நிலைதான் வரும்.

ஸ்டாப், ஸ்டாண்ட்பை போன்ற உறக்க நிலைக்குப் போகும் நிரலும் இதே அறிகுறியைத் தரும். உறக்கத்தில் கடிகாரம் நிற்பதால் டீபக் சுற்றும் பதிலளிப்பதில்லை. டிபிஜிஎம்சியு என்ற ரெஜிஸ்டரில் உறக்கத்தின்போதும் டீபக்கை உயிரோடு வைத்திருக்கும் பிட்கள் உள்ளன. எஃப்1-க்கான ஓப்பன்ஓசிடி கான்ஃபிக் கோப்பு இணைந்தவுடன் அவற்றைத் தானே ஏற்றிவிடுகிறது. அந்த ரெஜிஸ்டர் சாதாரண ரீசெட்டில் அழிவதில்லை, மின்சாரத்தை முழுவதும் நிறுத்தினால்தான் அழிகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். டீபக்கரைக் கழற்றிய பிறகும் போர்டு கூடுதல் மின்னோட்டம் இழுப்பதும், மறுநாள் மின்சாரம் கொடுத்ததும் இணைப்பு மறுப்பதும் இதனால்தான். பேட்டரி ஆயுளை அளப்பவர்கள், டீபக்கரைக் கழற்றி மின்சாரத்தையும் ஒருமுறை நிறுத்திவிட்டே அளக்க வேண்டும்.

பிரேக்பாயின்டில் நின்றதும் சிப் மறுபடியும் தொடக்கத்துக்குப் போகிறது

பிரேக்பாயின்ட் என்பது நிரல் நிற்க வேண்டும் என்று நாம் குறிக்கும் இடம். அங்கே நின்றதும் ரீசெட் வந்தால் காரணம் வாட்ச்டாக்தான்; நிரல் குறித்த காலத்துக்குள் சைகை தராவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர் அது. எஃப்103-இன் தனி வாட்ச்டாக், ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸில் ஓடும் தன் சொந்தக் கடிகாரத்தில் இயங்குவதால், செயலி நின்றாலும் அது நிற்பதில்லை. அதிகபட்சக் காலமே சுமார் 26 விநாடி. வேரியபிளின் மதிப்பைப் படித்து யோசிப்பதற்குள் ரீசெட் வந்துவிடும். முன்சொன்ன டிபிஜிஎம்சியு ரெஜிஸ்டரிலேயே, செயலி நிற்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்தும் பிட் இருக்கிறது. அதை டீபக் பில்டில் மட்டும் ஏற்றுங்கள். வாட்ச்டாக்கையே நீக்கிவிட்டு டீபக் செய்வது எளிதாகத் தோன்றினாலும், வெளியீட்டின்போது அதை மறுபடியும் சேர்க்க மறந்துவிடும் ஆபத்து பெரியது.

பிரேக்பாயின்ட் வைக்கும்போதே அமர்வு விழுந்தால், எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபிளாஷில் ஓடும் நிரலுக்கு வன்பொருள் பிரேக்பாயின்ட்தான் வேண்டும். கார்டெக்ஸ்-எம்0 வகையில் அதிகபட்சம் 4, எம்3, எம்4 வகைகளில் வழக்கமாக 6 மட்டுமே உண்டு. அடுத்த வரிக்குத் தாண்டும்போது ஜிடிபி தற்காலிகமாக ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் நீங்களே நிரப்பிவிடக் கூடாது.

ஜிடிபி உறைந்துவிடுகிறது அல்லது தானே விழுகிறது

இணைந்தவுடன் "ஜி பாக்கெட்டின் பதில் மிக நீளம்" என்று வந்தால், சிப்பின் கட்டமைப்பு பற்றி ஜிடிபியும் சர்வரும் வெவ்வேறு எண்ணத்தில் இருக்கின்றன. லேப்டாப்புக்கான சாதாரண ஜிடிபியைத் திறந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலிகளில் வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இ-வகுப்பு 32 பிட்டிலும் சி-வகுப்பு 64 பிட்டிலும் வருவதால், இஎல்எஃப் கோப்பு எதற்காகக் கம்பைல் செய்யப்பட்டது என்பது சிப்போடு பொருந்த வேண்டும்.

நின்றவுடன் உறைவதற்கு, நிற்கும் ஒவ்வொரு முறையும் ஐடிஇ கேட்காமலே செய்யும் வேலைகளே பெரும்பாலும் காரணம். அது அழைப்பு வரிசையையும், உள்ளூர் வேரியபிள்களையும், திறந்திருக்கும் பெரிஃபெரல்களையும் படிக்கும். ஸ்டாக் சிதைந்திருந்தால் அழைப்பு வரிசை முடிவில்லாமல் நீளும். 'செட் பேக்ட்ரேஸ் லிமிட் 20' என்று கட்டுப்படுத்துங்கள். சி++ நிரலில், இன்னும் தொடக்க மதிப்புப் பெறாத ஒரு வெக்டர் கோடிக்கணக்கான உறுப்புகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும். அதை அழகாக அச்சிட முயலும் பைதான் பிரிட்டர் ஜிடிபியின் நினைவகத்தைத் தின்றுவிடும். பிரெட்டி-பிரிண்டரை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். பெரிஃபெரல் சாளரத்தையும் மூடிப் பாருங்கள். யுஎஸ்ஏஆர்டி-இன் தரவு ரெஜிஸ்டரைப் படிப்பதே, பைட் வந்திருக்கிறது என்ற கொடியை அழித்துவிடும். டீபக்கர் இருக்கும்போது மட்டும் சீரியல் பைட்டுகள் தொலைகின்றன என்றால் அந்தச் சாளரமே காரணம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிப்பில் பல டாஸ்குகளை மாறி மாறி ஓட்டும் இயங்குதளம்) டாஸ்க் பட்டியலைக் காட்டும் வசதி இயங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. ரீசெட் ஆன உடனே நிறுத்தும்போது, தொடக்க நிரல் இன்னும் ரேமைச் சுழியமாக்கியிருக்காது. முந்தைய ஓட்டத்தின் எச்சமே அங்கே இருக்கும். அதை டாஸ்க் பட்டியலாக நம்பி ஓப்பன்ஓசிடி சுட்டிகளைப் பின்தொடர்ந்து போய்த் தடுமாறும். அந்த வசதியை நிறுத்தியதும் கோளாறு மறைந்தால் காரணம் அதுவே. மெயின் வரை ஓடவிட்டு அதன்பின் நிறுத்துவது போதுமான மாற்று.

விழுந்தது டீபக்கர்தானா

ஹார்ட்ஃபால்ட் எனும் கடும் பிழையின்போது செயலி தாவும் கையாளியின் முடிவில்லாச் சுழலில் நிற்கும் நிரலை "டீபக்கர் மாட்டிக்கொண்டது" என்று சொல்பவர்கள் பலர். அங்கே டீபக்கர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பிழை விவரம் பதியும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படித்தால் என்ன வகைப் பிழை என்பதும், ஸ்டாக்கில் செயலி சேமித்த எட்டு சொற்களில் ஏழாவதைப் பார்த்தால் எந்த முகவரியில் அது நேர்ந்தது என்பதும் தெரியும். டீபக்கரோடு ஓடி, கழற்றினால் நின்றுவிடும் நிரலில் செமிஹோஸ்டிங் (அச்சிடுதல் போன்றவற்றை டீபக்கர் வழியாக லேப்டாப்பில் செய்யும் முறை) இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் பிரேக்பாயின்ட் கட்டளைக்குப் பதில் சொல்ல டீபக்கர் இல்லாதபோது சிப் ஹார்ட்ஃபால்டுக்குப் போய்விடும். வரி எண்கள் நிரலோடு பொருந்தாமல் தாவினால், சிப்பில் இருப்பதும் ஜிடிபி படித்த இஎல்எஃப் கோப்பும் ஒன்றுதானா என்பதை 'கம்பேர்-செக்ஷன்ஸ்' கட்டளையால் ஒப்பிடுங்கள். பொருந்தியும் தாவினால் அது ஆப்டிமைசேஷனின் விளைவு. டீபக் பில்டுக்கு 'ஓஜி' நிலையைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜிடிபியே செக்மென்டேஷன் ஃபால்டில் விழுமானால், அது ஜிடிபியின் உண்மையான பிழை. அதை உருவாக்குபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியது. லினக்ஸில் 'கோர்டம்ப்சிடிஎல்' வழியாக அந்த வீழ்ச்சியின் பதிவை எடுத்து, லேப்டாப்பின் சாதாரண ஜிடிபியில் திறந்து, அழைப்பு வரிசையைச் சேமியுங்கள். நிறுவனத்தின் இஎல்எஃப் கோப்பை அனுப்ப வேண்டாம். அதில் ஃபங்ஷன் பெயர்களும் கோப்புப் பாதைகளும் முழுமையாக இருக்கும். அதே வீழ்ச்சியைத் தரும் மிகச் சிறிய நிரலொன்றை எழுதி, ஜிடிபி, ஓப்பன்ஓசிடி, கம்பைலர் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் பாக்கெட் பதிவையும் அதோடு சேர்த்து, ஜிடிபியின் அண்மைய வெளியீட்டிலும் அது விழுகிறதா என்பதைச் சோதித்து எழுதி அனுப்புங்கள்.